கேலிக்கு வாசித்தவர்

"ஒருத்தரும் கேக்கினம் இல்லை, பிள்ளை."

"ஓம், மாஸ்டர்."

"ரெண்டு மணித்தியாலம் வாசிச்சனான். எண்பது பேர் நிண்டவை. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், மேடைப் பக்கம் திரும்பேல்லை."

"நல்லது."

நிரோஜா அக்கோர்டியனைப் பெட்டிக்குள் வைத்து வாரை இழுத்துக் கட்டினாள். அவளைப் பொறுத்தவரை பேச்சு முடிந்துவிட்டது.

குகதாசன் மாஸ்டருக்கு முடியவில்லை. வயலினை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்திருந்தார். கீழே, ஆடிக் களைத்த ஸ்கொட்லாந்துக்காரர்கள் தேநீர் மேசையை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். மேடை என்று ஒன்று இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாஸ்டர் அந்த மண்டபத்துக்கு வந்ததே, யாரும் தன்னைப் பார்க்கக் கூடாது என்றுதான்.

*

நாற்பது வருடம் கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர் அவர். யாழ்ப்பாணத்தில் தொடங்கி லண்டன்வரை. இரண்டு ஊரிலும் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்ததில் 'மாஸ்டர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

மூன்று வருடத்துக்கு முன்னால் லண்டனில் ஒரு பிள்ளையின் அரங்கேற்றம். பிள்ளை ராகத்தைப் பாடி முடித்து, இனி நீங்கள் என்று அவர் பக்கம் திரும்பினாள்.

அவருக்கு வரவில்லை.

விரல் நின்றுவிட்டது. முன்வரிசை பார்த்தது. பின்வரிசை எழும்பிப் பார்த்தது. போதாததற்கு வீடியோக்காரர் கிட்ட வந்து, கமெராவை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

அன்றைக்குக் கை நடுங்கத் தொடங்கியது. வில் பிடிக்கிற வலது கை. அறையில் தனியே வாசித்தால் நடுங்காது. மகள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் நடுங்கும். நரம்பில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஒன்றும் இல்லாத நரம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை.

மகள் வேலை மாறி ஸ்கொட்லாந்தில் ஒரு சின்னத் துறைமுக ஊருக்குப் போனாள். அவரும் போனார். வயலினும் போனது, கட்டிலுக்கு அடியில் கிடப்பதற்கு.

ஒருநாள் மகள் பஸ்ஸால் இறங்கி வந்து சொன்னாள்.

"அப்பா, கேலிக்கு வயலின் வாசிக்க ஆள் தேடினமாம்."

மாஸ்டரின் முகம் சுருங்கியது.

"மூண்டு வருசமாய் அதுதானே நடக்குது. இனிக் காசு குடுத்துக் கூப்பிட்டுமோ கேலி பண்ணப்போகினம்?"

மகள் சிரித்துக் கதிரையில் விழுந்தாள். கேலி என்றால் இந்த ஊரில் பகிடி இல்லை அப்பா, ஊர்ச்சனம் கூடி ஆடுகிற ஆட்டம், அதற்கு வாசிக்க ஒரு குழு இருக்கிறது, அதை நடத்துகிறவள் எங்கட ஆள்தான், மூன்றாம் இலக்க பஸ் ஓட்டுகிறாள் என்று விளக்கினாள். பிறகு ஒரு சொல்லை மெல்லப் போட்டாள்.

"அங்கை ஆரும் வாசிக்கிற ஆளைப் பாக்கிறேல்லையாம்."

மாஸ்டர் கட்டிலுக்கு அடியில் குனிந்தார்.

*

நிரோஜா கிளாஸ்கோவில் வளர்ந்தவள். முப்பத்தாறு வயது. வார்த்தையை எண்ணித்தான் செலவழிப்பாள். கடற்கரைத் தரிப்பில் வெறும் பஸ்ஸை நிறுத்திவிட்டு மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவளிடம் மாஸ்டர் போய் நின்றார்.

"வாசியுங்கோ," என்றாள்.

"இங்கையோ?"

"பஸ் வெறுமைதானே."

அவள் பார்த்தாள். உடனே வில் நடுங்கியது. தந்தியில் பட்டது ஒலியா, கதவு கிறீச்சிட்டதா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது.

நிரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொட்டலத்திலிருந்த பாணைக் கடித்தாள். கடலைப் பார்த்தபடி மென்றாள்.

மாஸ்டர் வாசித்தார். பாணைத் தின்று முடித்தாள், கையைத் துடைத்தாள், கடதாசியைக் கசக்கினாள்.

"ஞாயிறு பின்னேரம் மூண்டு மணிக்கு வாங்கோ."

"நீர் கேக்கவே இல்லையே, பிள்ளை."

"நீங்கள் என்ரை காலைப் பாக்கேல்லை."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். பிரேக்குக்குப் பக்கத்தில் அவளுடைய கால் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

மெட்டுகளை அவளே சொல்லிக்கொடுத்தாள். முதலில் ஓர் எட்டு, அதாவது எட்டுத் தாளச் சுற்று. திரும்ப அதே எட்டு. பிறகு வேறோர் எட்டு. திரும்ப அதே எட்டு. அவ்வளவுதான் மெட்டு. முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

"கூட்டுறதும் இல்லை, குறைக்கிறதும் இல்லை," என்றாள்.

"இது குழந்தைப்பிள்ளையளின்ரை பாட்டெல்லோ?"

"ஓம், மாஸ்டர்."

*

அப்படி வந்து வாசித்த முதல் ஞாயிறுதான், ஒருத்தரும் கேட்கவில்லை என்று அவர் குறைப்பட்டது. பார்க்கிறார்களே என்று மூன்று வருடம் ஒளித்திருந்த மனிதர், பார்க்கவில்லையே என்று இரண்டு மணித்தியாலத்தில் மனம் நொந்துபோனார்.

அக்கோர்டியன் பெட்டியைத் தூக்கியவளை அவர் விடவில்லை.

"அப்ப நான் ஆருக்கு வாசிக்கிறது?"

"வாசிக்கேக்கை எதைப் பாத்தனீங்கள்?"

"கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிச்சனான். எனக்கு எப்பவும் அப்பிடித்தான்."

"நீங்கள் அவையைப் பாக்கேல்லை. அவை உங்களைப் பாக்கேல்லை. பேந்தென்ன?"

மாஸ்டர் வில்லைத் துணியால் துடைக்கத் தொடங்கினார்.

"அடுத்த கிழமை கண்ணைத் திறவுங்கோ."

"எதைப் பாக்கிறது?"

"சப்பாத்தை."

குழுவில் மூன்றாவது ஆள் டூகல். பறை போல ஒன்றை அடிப்பவர், வார நாட்களில் குழாய் திருத்துபவர். தமிழில் ஒரு சொல்லும் தெரியாத அவர், இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெரிய உண்மை ஒன்றைக் கேட்டவர் மாதிரித் தலையை ஆட்டினார்.

*

மாஸ்டர் சப்பாத்துகளைப் பார்த்தார்.

மீன்பிடிகாரரின் கனத்த பூட்ஸ். வார் அவிழ்ந்த ஒன்று. பேக்கரிக்காரி ஐலினின் சிவப்புச் சப்பாத்து. அறுபதைத் தொடுகிற வயதில், நிலத்தில் பட்டும் படாமலும் அது போன வேகத்தைக் கண்டு அவருக்கே சிரிப்பு வந்தது. அவர் வில்லை இழுக்க அவை எழும்பின. அவர் விட அவை இறங்கின. எண்பது சோடிச் சப்பாத்துகளும் அவர் கையில் கிடந்தன.

கை நடுங்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான். மூன்று வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப்போன மாதிரி இருந்தது. மகளிடம் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். வயலின் கட்டிலுக்கு அடியிலிருந்து மேசைக்கு ஏறியது.

மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது ஞாயிறு. எல்லாம் நன்றாகப் போயிற்று.

நன்றாகப் போனதுதான் வினையாயிற்று.

*

ஆறாவது ஞாயிறு. கடைசி ஆட்டம்.

வில்லோ மரத்தின் பட்டையை உரிக்கிற ஆட்டம் என்று அதற்குப் பெயர். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, முகத்துக்கு முகம். மேலிருந்து ஒரு சோடி புறப்படும். பெண், துணையின் கையைப் பிடித்து ஒரு சுற்று. விட்டுவிட்டு, வரிசையில் நிற்பவரின் கையைப் பிடித்து ஒரு சுற்று. திரும்பத் துணை. திரும்ப அடுத்தவர். தாளத்தில் நாலு அடிக்கு ஒரு கை. இப்படியே வரிசையின் அடிவரைக்கும் போக வேண்டும். பம்பரம் விட்ட வேகத்தில் போவார்கள்.

ஐலின் புறப்பட்டாள்.

மாஸ்டருக்கு அன்றைக்கு மனம் நிறைந்திருந்தது. இரண்டாவது எட்டின் நடுவில் ஓர் இடம். ஏறிப்போய்ச் சற்றுச் சாய்கிற இடம். அதில் ஒரு வளைவு ஒளிந்திருப்பது அவருக்குத் திடீரென்று தெரிந்தது. நாற்பது வருடக் கச்சேரிக் கை. அது சும்மா இருக்குமா?

சங்கதி போட்டார்.

கச்சேரி கேட்டவர்களுக்குத் தெரியும். ஒரு வரியை எடுத்து, திருப்பித் திருப்பி, ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு நெளிவு சேர்த்து வாசிப்பது. அதற்குத்தான் சபையில் 'சபாஷ்' விழும். மாஸ்டர் கண்ணை மூடினார். அந்த வரியை இன்னொரு முறை வாசித்தார். மற்றொரு முறை, இன்னும் அழகாக.

அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

கீழே பாதிப் பேர் பாட்டோடு நின்றார்கள். பாதிப் பேர் பழக்கத்தோடு போனார்கள். ஐலின் பழக்கத்தோடு போனவள். துணையின் கையை விட்டாள், அடுத்த கைக்காகக் கையை நீட்டினாள். அடுத்த கை அங்கே இல்லை. அந்தக் கைக்காரர் பாட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

போன வேகத்தில் ஐலின் நேரே தேநீர் மேசைக்குள் போனாள்.

கோப்பைகள் விழுந்த சத்தத்தில்தான் மாஸ்டர் கண்ணைத் திறந்தார்.

எண்பது பேரும் திரும்பி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கேட்டது கிடைத்தது. ஓர் ஆள் மிச்சமில்லாமல் பார்த்தார்கள். தந்திமேல் கிடந்த வில் கிடுகிடு என்று அடித்துக்கொண்டது. எடுத்தாலும் நிற்கவில்லை. மடியில் வைத்தாலும் நிற்கவில்லை. ஐலின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழும்புவதைப் பார்த்தும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நிரோஜா அக்கோர்டியனைக் கீழே வைத்தாள். இறங்கிப் போய்க் கோப்பை பொறுக்கினாள்.

*

திங்கட்கிழமை காலை, பஸ் வெளிக்கிடும் நேரம், மாஸ்டர் வயலின் பெட்டியோடு வந்தார்.

"இந்தாரும் பிள்ளை. ஆருக்காவது குடுத்துவிடும். நான் இனித் தொடமாட்டன்."

"பின்னாலை ஆக்கள் நிக்கினம், மாஸ்டர். ஏறுங்கோ."

"நான் ஏற வரேல்லை."

"அப்ப வழியை விடுங்கோ."

வழியை விடுவதா ஏறுவதா என்று யோசிக்கிறதற்குள் பின்னால் நின்றவர்கள் அவரை ஏற்றிவிட்டார்கள். முன் இருக்கையில், பெட்டியை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பஸ் துறைமுகத்தைச் சுற்றியது.

"அவவின்ரை கை?" என்று கேட்டார். கேட்கவே பயமாக இருந்தது.

"சுளுக்கு. முறிவில்லை."

மாஸ்டர் பெட்டிமேல் நெற்றியை வைத்தார். நேற்றுப் பின்னேரத்திலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் முழுதாக வெளியே வந்தது.

சற்றுப் பொறுத்து நிமிர்ந்தார்.

"எண்டாலும் நான் வாசிக்க மாட்டன். பழையபடி நடுங்குது. இரவு தனிய இருந்து எடுத்துப் பாத்தனான், அப்பவும் நடுங்குது. முந்தி அப்பிடி இல்லை." குரல் இறங்கியது. "நீங்களே சொல்லுங்கோ. நான் என்ன செய்ய?"

மகள் வயதுக்காரியை 'நீங்கள்' என்று சொன்னது அவருக்கே புதினமாக இருந்தது.

நிரோஜா பிரேக்கை மிதித்தாள். பஸ்ஸைத் தேவாலயச் சந்தித் தரிப்பில் நிறுத்தினாள். கதவைத் திறந்தாள்.

இறங்க யாரும் எழும்பவில்லை. ஏற யாரும் நிற்கவில்லை. குளிர் காற்றுமட்டும் ஏறியது.

"ஏன் நிக்கிறம்?"

"பத்து பதினாறு. பதினேழுக்குத்தான் வெளிக்கிடலாம்."

"ஒருத்தரும் இல்லையே."

"ஓம்."

பின்னால் ஒருவர் செருமினார். நிரோஜா மணிக்கூட்டைப் பார்த்தாள்.

தரிப்புக்கு நேரே வந்து முடிகிற ஒழுங்கையில் ஒரு கதவு திறந்தது. பேக்கரிக் கதவு. ஐலின் வந்தாள். இடது மணிக்கட்டில் வெள்ளைத் துணிக்கட்டு. முகம் கடைப்பக்கம் திரும்பியிருந்தது. உள்ளே நின்ற யாரையோ ஏசிக்கொண்டே வந்தாள். ஏசி முடியவில்லை, ஒழுங்கை முடிந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமலே காலைப் பின்னுக்குத் தூக்கி வைத்தாள்.

பஸ்ஸின் படியில் வைத்தாள்.

கதவு மூடியது. பத்து பதினேழு.

மாஸ்டர் பெட்டிக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார். வயலின் பெட்டிக்குப் பின்னால் எவ்வளவு ஒளிக்கலாம்? ஐலின் கண்டுவிட்டாள். எதிரே உட்கார்ந்து, துணிக்கட்டுப் போட்ட கையை அவருக்கு முன்னால் ஆட்டி ஆட்டிக் கதைக்கத் தொடங்கினாள். அந்த ஊர் ஆங்கிலம் அவருக்குக் காற்பங்கு விளங்கும். கோபத்தோடு வந்தால் அதுவும் விளங்காது. இரண்டு தரிப்புத் தூரம் விடாமல் கதைத்துவிட்டு, அவருடைய தோளில் சடாரென்று ஒன்று போட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

"என்னவாம்? சரியான கோவமோ?"

"வாற ஞாயிறும் அதே ஆட்டம் வேணுமாம்."

"அதுக்கோ இவ்வளவு நேரம்?"

"மிச்சம் கடையிலை வேலை செய்யிறவனைப் பற்றி."

மாஸ்டர் தோளைத் தடவினார். வலித்தது. வலி ஏனோ இதமாக இருந்தது.

"விசர் மனுசி," என்றார். "திரும்ப விழுந்தால்?"

நிரோஜா கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"பாத்தனீங்களோ, மாஸ்டர்?"

"என்னத்தை?"

"அவ ஓடி வரேல்லை."

மாஸ்டர் ஜன்னலால் பின்னுக்குத் திரும்பிப் பார்த்தார்.

"கடைசித் தரிப்பு," என்றாள் நிரோஜா. "இறங்குங்கோ."

இறங்கி வீடுவரை நடந்தார். பெட்டியைக் கொடுத்துவிட்டு வர மறந்துபோனது வாசலில்தான் ஞாபகம் வந்தது.

*

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கே தேவாலயச் சந்திக்குப் போய் நின்றார். பத்து பதினாறுக்கு பஸ் வந்தது. ஐலின் நடந்து வந்தாள்.

புதன் மழை. பஸ் வந்தது. ஐலின் நடந்து வந்தாள், குடையோடு.

வியாழன் ஒரு நிமிடம் முந்தியே பஸ் வந்துவிட்டது. நிரோஜா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே குடையோடு நின்ற மாஸ்டரைக் கண்டும் காணாத மாதிரி இருந்தாள். ஐலின் ஓடி வரவில்லை. தன் நேரத்துக்கு நடந்தே வந்து ஏறினாள்.

வெள்ளிக்கிழமை அவர் போகவில்லை. அடுக்களையில் நின்று நாலு அடி அடித்தார். திரும்ப நாலு அடி. வயலினை எடுக்கவில்லை, காலால்தான். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, என்ன நடக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்.

*

ஞாயிறு. மேடை. மாஸ்டரின் முகம் வெளுத்துப்போயிருந்தது. போன கிழமை விழுந்தது ஊர் முழுக்கத் தெரிந்த கதை ஆகிவிட்டதால், மண்டபத்தில் நூறு பேருக்குக் குறையாது. யாரோ புத்திசாலி தேநீர் மேசையைத் தூக்கிச் சமையலறைக்குள் வைத்திருந்தார்.

முதல் ஆட்டத்துக்கும் இரண்டாவது ஆட்டத்துக்கும் அவர் வில்லைத் தூக்கவே இல்லை. நிரோஜாவும் டூகலும் வாசித்தார்கள். யாரும் அவரை ஏனென்று கேட்கவில்லை.

மூன்றாவதுக்கு வரிசை கட்டினார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஐலின் மேலே நின்றாள்.

"நடுங்கினால்?" என்று மாஸ்டர் மெல்லக் கேட்டார்.

"நடுங்கட்டும்."

"பேந்து?"

"நாலு அடி. பேந்து நாலு அடி."

"அதுக்குப் பேந்து?"

நிரோஜா அக்கோர்டியனை விரித்தாள்.

வயலின் இல்லாமல் அந்த மெட்டுத் தொடங்காது. அவள் காற்றை இழுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். டூகல் கோலைத் தூக்கியபடி காத்திருந்தார். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஐலின் துணிக்கட்டை ஒருமுறை இறுக்கினாள். அவளும் மேடைப் பக்கம் திரும்பவில்லை. துணைக்காரரிடம் வலது கையைக் கொடுத்துவிட்டு, இடது முழங்கையை மடித்து, எப்போது பாட்டு வரும் என்று காலைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

மாஸ்டர் அந்த முழங்கையைப் பார்த்தார்.

வில்லை வைத்தார்.

போனாள். துணை, நாலு அடி. முதல் ஆள், நாலு அடி. துணை. இரண்டாவது ஆள். அடிபட்ட மணிக்கட்டைக் கொடுக்காமல் முழங்கையைக் கொடுத்தாள். ஒவ்வொருவரும் அதைப் பிடிக்கவேண்டிய இடத்தில் பிடித்தார்கள். துணை. மூன்றாவது ஆள்.

இரண்டாவது எட்டு வந்தது. நடுவில் அந்த இடம் வந்தது. வளைவு விரல்நுனியில் வந்து நின்று, என்னை மறந்துவிட்டாயா என்று கேட்டது.

பிறகு வா என்று மாஸ்டர் அதை அனுப்பிவிட்டார்.

துணை. ஐந்தாவது ஆள். துணை. துணிக்கட்டு அவிழ்ந்தது. வெள்ளைத் துணி வால் போலப் பறந்தது. ஆறாவதாக நின்றவர் ஒரு மீன்பிடிகாரர், மலைபோல மனிதர். துணி பறப்பதைக் கண்டதும் தயங்கினார். கையைத் தொட்டால் நோகுமோ என்று பாதி நீட்டிய கையை இழுக்கப் பார்த்தார்.

ஐலின் துணையின் கையை விட்டுவிட்டாள். முகம் அந்தப் பக்கம். முழங்கை இந்தப் பக்கம், வெறும் வெளியில்.

மாஸ்டர் அடுத்த அடியின் தலையில் வில்லை அழுத்தி இறக்கினார். ஒரு சுரமும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. இப்போது என்று சொல்லுகிற மாதிரி ஓர் அழுத்தம், அவ்வளவுதான். மீன்பிடிகாரரின் பூட்ஸ் தன்பாட்டில் முன்னுக்கு வந்தது. கை வந்தது. முழங்கையைப் பிடித்தது.

சுற்றினார்கள்.

"ஆ," என்று மாஸ்டர் வாய்விட்டுச் சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

ஏழு. எட்டு. ஒன்பது. அவர் ஒரு கையையும் தவற விடவில்லை. வரிசையின் அடியில், போன கிழமை மேசை இருந்த இடத்தில், ஐலின் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு போய் நின்றாள். மேலே அடுத்த சோடி புறப்பட்டுவிட்டது. அதற்குப் பின்னால் அடுத்தது. ஒவ்வொருவராக நூறு பேரையும் மாஸ்டர் மேலிருந்து அடிவரை கொண்டுபோய்ச் சேர்த்தார்.

முடிந்தது.

எல்லோரும் தங்கள் தங்கள் துணைக்குக் கை தட்டினார்கள். தேநீரைத் தேடிச் சமையலறைப் பக்கம் அள்ளுப்பட்டு ஓடினார்கள். வாசிக்கிறவர்கள் என்று மூன்று பேர் மேடையில் உட்கார்ந்திருப்பது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. மாஸ்டர் பின்னால் சாய்ந்தார். அப்பாடா என்று இருந்தது. உடம்பெல்லாம் வேர்த்து, மூன்று வருடத்தில் வராத ஒரு பசி வந்தது.

நிரோஜா அக்கோர்டியனை மூடினாள். அவர் பக்கம் குனிந்தாள்.

"கை நடுங்கினதோ, மாஸ்டர்?"

மாஸ்டர் வெறுமையாகிக்கிடந்த மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆருடைய கை?" என்று கேட்டார்.